கூகுள் ஃபார்ம்ஸ் க்விஸ்: திருத்தித் தருவதைவிடப் பெரிய உபயோகம் ஒன்று உண்டு

கூகுள் ஃபார்ம்ஸ் என்ற இணையப் படிவத்தின் அமைப்புகளில் க்விஸ் (வினாடிவினா) வசதியை ஆன் செய்தால் ஒவ்வொரு கேள்விக்கும் விடைக்குறிப்பு, மதிப்பெண், தவறாக எழுதியவருக்குக் காட்ட ஒரு விளக்கம் என எல்லாம் சேர்க்கலாம். இலவசம், போனிலேயே திறக்கும். கொள்குறி வினாக்களைத் தானே திருத்திவிடும்.

குறுவிடையில்தான் சிக்கல். விடைக்குறிப்பில் உள்ள எழுத்துகளோடு அப்படியே பொருந்தினால்தான் மதிப்பெண். 'ஒளிச்சேர்க்கை' என்று கொடுத்து வைத்தால், நடுவில் இடம் விட்டு 'ஒளிச் சேர்க்கை' என்று எழுதிய மாணவருக்குப் பூஜ்யம். எழுதக்கூடிய வடிவங்களையெல்லாம் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். அப்படியும் ஒருமுறை கண்ணால் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

விடைகளின் வரிசையைக் கலைத்துக் காட்டும் வசதியும் உண்டு. 'மேற்கண்ட அனைத்தும்' என்றொரு விடை இருந்தால் அந்த வசதியைத் தொடாதீர்கள், அந்த விடை முதல் வரியில்கூடப் போய் நிற்கலாம்! ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். ஒரே போனில் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் எழுதும் வீட்டில் இரண்டாமவர் மாட்டிக்கொள்வார். கணக்கில் நுழையாமல் எழுதவிட்டாலோ, பாதியில் போன் அணைந்தால் எழுதியது போச்சு.

மதிப்பெண்ணை உடனே வெளியிட்டால், முதலில் முடித்தவர் சரியான விடைகளைப் படம் பிடித்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். 'பிறகு வெளியிடு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மாணவர்களின் மின்னஞ்சல் முகவரி தேவை.

பதில்கள் வந்தபின் சுருக்கப் பக்கத்தைத் திறங்கள். பலரும் தவறவிட்ட கேள்விகள் தனியே பட்டியலாக வரும். அதற்குக் கீழே எந்தத் தவறான விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் தெரியும். 1/2 + 1/3 என்ற கேள்விக்கு வகுப்பில் பாதிப் பேர் 2/5 என்று எழுதியிருந்தால், தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறார்கள். மறுநாள் எதை மறுபடி நடத்த வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே வந்துவிடுகிறது. இது கிடைக்க வேண்டுமானால் தவறான விடைகளை யோசித்து வைக்க வேண்டும். வாய்க்கு வந்த எண்களைப் போட்டால் பட்டியலும் எதையும் சொல்லாது.

பத்துக் கேள்விக்குமேல் வேண்டாம்.

மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுக்கு இதை நம்ப முடியாது. இத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்ற நேரக்கட்டுப்பாடு உள்ளேயே கிடையாது. பிரவுசரில் இன்னொரு டேபைத் (tab) திறந்து விடை தேடுவதைத் தடுக்கும் பூட்டு வசதி, பள்ளி நிர்வகிக்கும் க்ரோம்புக் மடிக்கணினிகளில் மட்டுமே வேலை செய்யும்.