ஆற்றங்கரை போர்ச்சுக்கு ஸ்க்ரூ பைல்: குளிர்காலத்தில் நம்பி இறக்கலாம்

தெற்கு ஒன்டாரியோவில் ஆற்றோர வீட்டுக்கு ஜனவரியில் போர்ச் கட்டுவதென்றால் அஸ்திவாரத்துக்கு ஸ்க்ரூ பைலைத்தான் சொல்வேன்; அடியில் திருகுத் தகடு வைத்த இரும்புக் குழாய் அது, இயந்திரத்தால் மண்ணுக்குள் திருகி இறக்குவார்கள். கான்கிரீட் தூணுக்கு உறைந்த மண்ணைத் தோண்ட வேண்டும். ஊற்றியபின் குறைந்தது 3 நாளாவது 10 டிகிரிக்குக் கீழே இறங்காமல் போர்த்திச் சூடேற்ற வேண்டும். ஆற்றோரக் குழியில் தண்ணீர் வேறு ஊறும். பைல் என்றால் இறக்கிய அன்றே பீம் ஏற்றலாம்.

ஆனால் ஆழம் மட்டும் போதாது. தகடு உறைபனி எட்டும் 1.2 மீட்டரைத் தாண்டினாலும், கட்டுமான வரைபடம் கேட்கும் முறுக்குவிசையை (குழாயைத் திருகத் தேவைப்படும் விசை) இயந்திரத்தின் மீட்டர் காட்ட வேண்டும். தளர்ந்த வண்டலில் அது லேசில் எட்டாது. நீட்டிப்புக் குழாய் மாட்டி இன்னும் இறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பைலின் முறுக்குவிசை அளவையும் எழுதித் தராத ஒப்பந்தக்காரர் வேண்டவே வேண்டாம். கூழாங்கல் இடறினால் குழாய் சாயும். அதை நெம்பி நிமிர்த்தினால் சுற்றுமண் இளகிவிடும். கழற்றி மறுபடி இறக்குவதே சரி.

மேல்மண் கட்டியாக உறைந்திருந்தால் முதலில் துளை போட வேண்டும், அதற்குக் கூலி தனியா என்று முன்பே கேளுங்கள். வெள்ளப்பகுதியாக இருந்தால் கன்சர்வேஷன் அதாரிட்டி (ஆற்றோர, வெள்ளப்பகுதிக் கட்டுமானத்துக்கு அனுமதி தரும் அமைப்பு) அனுமதி கைக்கு வராமல் இயந்திரத்தை வரவழைக்காதீர்கள்.