அறை வாடகையில் தொடங்கும் கணக்கு

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு ஊர் வருகிறவர்களின் வேலைப் பட்டியலில் கல்யாணம், கோயில், பத்திரப்பதிவு வரிசையில் இப்போது ஆஸ்பத்திரியும் சேர்ந்துவிட்டது. அப்பாவின் முழங்கால், அம்மாவின் கண், இருவருக்கும் ஹார்ட் செக்கப் என்று எல்லாவற்றையும் மகனோ மகளோ வரும் நான்கு வாரத்துக்காக ஒத்திப்போட்டு வைத்திருக்கிறார்கள். திரும்பும் டிக்கெட் கையில் இருக்கிறது, நாள் குறைவு. அதனால் ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரி, அதில் நல்ல ஏ.சி. அறை என்று யோசிக்காமல் முடிவாகிறது. பில் ஏறத் தொடங்குவது அந்த அறையில்தான். இந்தப் பயணத்தில் சென்னையிலும் தென் மாவட்டங்களிலும் பில் கவுண்டர், இன்ஷூரன்ஸ் டெஸ்க், அரசு மருத்துவமனை மூன்றிலும் கவனித்ததை, அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்படி எழுதுகிறேன்.

முதலில் அறை. பெரும்பாலான தனியார் ஆஸ்பத்திரிகளில் வாடகை மட்டும் அறைக்கு அறை மாறுவதில்லை. அதே டாக்டர், அதே தியேட்டர், அதே ஆபரேஷன் என்றாலும் ஜெனரல் வார்டு, ஷேரிங், சிங்கிள், டீலக்ஸ் என்று அறை உயர உயர சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்ஸிங் எல்லாம் சேர்ந்து ஏறும். இன்ஷூரன்ஸ் இதே கணக்கைத் திருப்பிப் போடுகிறது. பழைய பாலிஸி பலவற்றில் அறை வாடகைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்று வரம்பு உண்டு. 5 லட்சம் பாலிஸி என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தால் வாடகை வித்தியாசம் 3,000-ஐ மட்டும் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அறையை ஒட்டி ஏறும் செலவுகள் எல்லாவற்றையும் 8-க்கு 5 என்ற விகிதத்துக்கு வெட்டித்தான் தருவார்கள்.

கணக்காகவே பார்க்கலாம். மொத்த பில் 3 லட்சம், ஐந்து நாள் தங்கல். அதில் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் சேர்த்து 1,60,000 என்று வையுங்கள். இன்ஷூரன்ஸ் தருவது அதில் 1,00,000. கைக்காசு 60,000. வாடகை வித்தியாசம் ஐந்து நாளுக்கு 15,000. நாள் வாடகை 5,000-ஐத் தாண்டிய அறைக்கு 2022 ஜூலையிலிருந்து 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அது நாளுக்கு 400, ஐந்து நாளுக்கு 2,000. ஆக, நாளுக்கு 3,000 கூடுதல் என்று எடுத்த அறை, வீடு திரும்பும்போது 77,000 ரூபாயாக நிற்கிறது. மருந்து, இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் செயற்கை மூட்டு, ஸ்டென்ட் போன்றவை), லேப் பரிசோதனை, ஐ.சி.யூ. கட்டணம் ஆகியவற்றில் இந்த விகித வெட்டைப் போடக்கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. போட்டிருந்தால் எழுத்தில் கேளுங்கள். அட்மிஷன் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "என் பாலிஸிக்கு ரூம் எலிஜிபிலிட்டி எவ்வளவு?" அந்த வகை அறை காலியில்லை என்றால், அதற்குக் கீழுள்ள அறையில் சேர்ந்து பிறகு மாறிக்கொள்ளலாம். மேலே போய் உட்கார்ந்துவிட்டுக் கீழே இறங்க நினைத்தால், இருந்த நாட்களின் கணக்கு மேல் விலையிலேயே நிற்கும்.

அடுத்தது எஸ்டிமேட். வாயால் சொல்லும் "ஒரு ரெண்டரை ஆகும் சார்" என்பதை நம்பி அட்வான்ஸ் கட்டாதீர்கள். எழுதி வாங்குங்கள். பேக்கேஜ் என்றால் எத்தனை நாள், எந்த இம்ப்ளான்ட், ஐ.சி.யூ. சேர்ந்ததா, பிஸியோ சேர்ந்ததா என்று கேளுங்கள். முழங்கால் மாற்றுக்கு வரும் வயதானவர்கள் பலருக்கு சுகரும் பிரஷரும் இருக்கும். ஆபரேஷனுக்கு முந்தைய எக்கோ (இதய ஸ்கேன்), கார்டியாலஜி ஒப்பீனியன், சுகர் கட்டுப்படக் காத்திருக்கும் இரண்டு நாள் இவை பெரும்பாலும் பேக்கேஜுக்கு வெளியே. எஸ்டிமேட்டை பில் தாண்டும் இடம் இதுதான்.

இம்ப்ளான்ட்டுக்கு விலை உச்சவரம்பு இருக்கிறது என்பது பலருக்கும் தெரியவில்லை. 2017 பிப்ரவரியில், இதய ரத்தக்குழாய் அடைப்பை விரிக்கப் பொருத்தும் ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு வரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அப்போது 29,600 ரூபாய், சாதா உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் வந்தது. பரவலாகப் போடப்படும் கோபால்ட் குரோமியம் செட்டுக்கு வரி நீங்கலாக 54,720. பிறகு இவை திருத்தப்பட்டு வந்தாலும் வரம்பு என்ற ஏற்பாடு தொடர்கிறது. ஸ்டென்ட்டின் விலை, கம்பெனிப் பெயர், பேட்ச் நம்பர் மூன்றையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும். பெட்டியிலிருந்து உரிக்கும் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டப்படும், டிஸ்சார்ஜ் சம்மரியோடு அதன் நகலையும் வாங்குங்கள். கிளெய்முக்கும் அது வேண்டும்.

மருந்து பில் தனி உலகம். உள்நோயாளிக்குத் தினமும் வார்டிலிருந்து ஃபார்மஸிக்கு இன்டென்ட் (மருந்து கேட்கும் சீட்டு) போகிறது. வெளிக்கடையில் எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி தரும் அதே மாத்திரை, உள்ளே பெரும்பாலும் முழு எம்.ஆர்.பி.க்கு வருகிறது. ஒரு ஊசி மருந்தை டாக்டர் நிறுத்திவிட்டாலும், முன்கூட்டி எடுத்த மூன்று குப்பி நர்ஸ் ஸ்டேஷன் டிராயரில் கிடக்கும். டிஸ்சார்ஜுக்கு முன் "ரிட்டர்ன் போட்டாச்சா சிஸ்டர்?" என்று கேட்டால் அது கணக்கில் கழியும். கேட்காவிட்டால் கழியாமலே போவதும் உண்டு. கையுறை, மாஸ்க் வகையறா 68 பொருட்களை இன்ஷூரன்ஸ் தராது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அதற்கென்று தனி ரைடர் (பாலிஸியோடு கூடுதலாகச் சேர்க்கும் பாதுகாப்பு) போட்டிருந்தால்தான் வரும். தினமும் மாலை இடைக்கால பில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தருகிறார்கள். ஐந்தாம் நாள் மொத்தமாக இருபது பக்கம் வரும்போது எதையும் சரிபார்க்க முடியாது.

டிஸ்சார்ஜ் தாமதத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியையே திட்டுகிறோம். 2024-இல் வந்த விதிப்படி கேஷ்லெஸ் (இன்ஷூரன்ஸே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும் முறை) அனுமதி ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதல் மூன்று மணி நேரத்திலும் வர வேண்டும். ஆனால் அந்த மூன்று மணி நேரம், ஆஸ்பத்திரி கடைசி பில்லை அனுப்பிய பிறகுதான் ஓடத் தொடங்கும். சம்மரி டைப் ஆகவில்லை, ஃபார்மஸி கிளியரன்ஸ் வரவில்லை என்று காலை முழுதும் போய்விடும். முந்தின நாள் மாலையே டியூட்டி டாக்டரிடம் சம்மரி கேட்டு வைப்பது பெரிய வித்தியாசம் தருகிறது.

பெற்றோர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்றால் புதுப் பாலிஸி தேடும் முன் அவர்களின் பென்ஷன் சீட்டைப் பாருங்கள். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர் காப்பீட்டுக்கு 2022 திட்டத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்தம் வைத்தார்கள். பிடித்தம் போகும், கார்டு எங்கே என்று தெரியாது. பல வீடுகளில் இதுதான் நிலை.

அரசு மருத்துவமனைப் பக்கம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டும். கிண்டியில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும், அதன் அருகே 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் அப்பா அம்மாவை அழைத்துப்போகத் தக்க இடங்கள். ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஸ்பெஷலிஸ்ட் எந்தக் கிழமை என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சைக்குத் தேதி தள்ளிப்போகும். நான்கு வார லீவுக்குள் அடங்காத விஷயம் அது ஒன்றுதான். சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, சேர்ந்த மருத்துவமனைகளில் வரம்புக்குட்பட்டு இலவசம். எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. வாடகை வண்டி எடுத்து ஊர் சுற்றுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

அரசு மருத்துவமனையில் வாங்கிய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் முப்பது வருட வேலை இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்தின் மூலப்பெயரில் டெண்டர் விட்டு, மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக வாங்கி, மாதிரிகளை லேப்பில் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் இறக்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதில் உள்ள தொகைக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். மருந்தைக் குறைந்த விலையில் வாங்கத் தெரிந்த மாநிலம் இது. பல மாநிலங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

அதனால்தான் காப்பீட்டை மட்டும் சீர்திருத்தம் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது, நல்லது. ஆனால் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000. மாதம் 10,000. மாதம் 15,000 சம்பாதிக்கும் துணிக்கடை ஊழியர் அதற்கு வெளியே நிற்கிறார், தனியார் பாலிஸி எடுக்கவும் அவரால் முடியாது. 2025 செப்டம்பரில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நீக்கியது உதவிதான். ஆனாலும் வரி போன பிறகும் பிரீமியம் பிரீமியம்தான், வயது ஏற ஏற அது ஏறும். பில் எப்படிப் போடப்படுகிறது என்பதைத் தொடாமல் காப்பீட்டை மட்டும் விரித்தால், ஏறும் பில்லைப் பொதுப்பணத்தில் கட்டுவதாகவே அது முடியும்.

செய்யக்கூடியவை கண்முன் இருக்கின்றன. ஒரே ஆபரேஷனுக்கு அறைக்கு அறை வேறு ஃபீஸ் என்ற பழக்கத்தைத் தடை செய்யலாம். 2019-இல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வைத்த 30 சதவீத வியாபார லாப வரம்பை, உள்நோயாளிக்குப் போகும் ஆன்டிபயாடிக் ஊசிகளுக்கும் குளூகோஸ் செட்டுக்கும் நீட்டலாம். கண்புரை, பிரசவம், ஆஞ்சியோ, முழங்கால், குடல்வால் இந்த ஐந்துக்காவது முழு விலையை ரிசப்ஷனில் தமிழில் எழுதி மாட்டச் சொல்லலாம். ஹோட்டலில் இட்லிக்கு விலைப்பலகை இருக்கிறது. அட்வான்ஸ் கட்டும் கவுண்டருக்கு மேலே உள்ள சுவரில் இடம் காலியாகத்தான் இருக்கிறது.