தனுஷ்கோடியா, கோடியக்கரையா?

இரண்டும் நிலம் முடிந்து கடல் தொடங்கும் ஊர்கள். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் எதற்குப் போவது?

தனுஷ்கோடிக்குப் போவது எளிது. ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. முனையில் நின்றால் ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயச் சுவர்களும் ரயில் நிலையமும் மணலில் இன்னும் நிற்கின்றன. அருகிலேயே குடிசை போட்டு மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. கரையோரம் மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதைப் பார்த்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது. ஆனால் மாலையானதும் திரும்பிவிட வேண்டும், விடுமுறை நாளில் கூட்டமும் அதிகம்.

கோடியக்கரை அமைதியானது. வேதாரண்யத்தைத் தாண்டி, உப்பளங்களைக் கடந்து போக வேண்டும். 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய மண் வேதாரண்யம். கோடியக்கரை 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். புல்வெளியில் வெளிமான்கள் மேயும், காட்டு மட்டக்குதிரைகளும் உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை பூநாரைகள் சதுப்பு நீரில் கூட்டமாக நிற்கும். விடியற்காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் மான்கள் நிழலுக்குள் போய்விடும். அப்புறம், தண்ணீரும் சாப்பாடும் வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

குளிர்காலம் என்றால் யோசிக்காமல் கோடியக்கரை என்பேன். கோடையில் பறவைகள் குறைவு. அப்போது தனுஷ்கோடிக்கே போங்கள், சூரியன் உதிக்கும் நேரத்தில்.