பொட்டுக்கும் வாலுவுக்கும் கருத்தடை: கிளினிக் எப்படி?

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றைக் குறைத்தது ஆபரேஷனுக்காக இல்லை, வீட்டுக்கு அனுப்பும்போது கையில் திணித்த துண்டுச் சீட்டுக்காக. அதைப் பின்னால் சொல்கிறேன். குறையையும் சேர்த்து எழுதப் போவதால் கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. பூனைக்குக் கருத்தடை செய்ய இடம் தேடுகிறவர்களுக்கு எதைப் பார்க்கணும், எதைக் கேட்கணும் என்று தெரிந்தால் போதும்.

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். பொட்டு பெண், வாலு கடுவன், இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்தவை. "கூடப்பிறந்ததுங்கதானே, என்ன ஆகிடப் போகுது?" என்று வீட்டிலேயே ஒரு குரல் எழுந்தது. பூனைக்கு அண்ணன் தங்கை கணக்கெல்லாம் கிடையாது. நான்கு மாதம் ஆனாலே பெண் பூனை சினைப்பட வாய்ப்பு உண்டு. சுமப்பது சுமார் ஒன்பது வாரம்தான். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததும் தங்கிவிடும். தானே இன்னும் குட்டி மாதிரி விளையாடிக்கொண்டிருக்கிற ஒரு பூனை, ஒரு வயது நிறைவதற்குள் இரண்டு ஈற்று பார்த்துவிடலாம். பிறகு அத்தனைக்கும் வீடு தேடுவது யார்?

கிளினிக்குக்குப் போன் செய்தபோது எடுத்த பெண் முதலில் வயதைக் கேட்டார். அடுத்த கேள்வி, "ரெண்டும் ஒண்ணாவா இருக்கு?" ஆமாம் என்றதும், "அப்ப ரெண்டையும் ஒரே நாள்ல கொண்டுவந்துடுங்க. கடுவனுக்கு மட்டும் பண்ணிட்டா போதும்னு நினைக்காதீங்க. ஆபரேஷனுக்கு அப்புறமும் சில வாரம் அதால சினையாக்க முடியும்" என்றார். உடலில் ஏற்கெனவே தங்கியிருக்கும் விந்தணு தீர அத்தனை நாள் ஆகுமாம். வரவேற்பு மேசையில் இருப்பவருக்கே இது தெரிந்திருந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

டாக்டர் அவசரப்படாத ஆள். எடை பார்த்தார், தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் படித்தார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் நெஞ்சைக் கேட்டார். வாலுவைத் திருப்பி, வாலைத் தூக்கி, விரலால் தடவிப் பார்த்து "ரெண்டும் இறங்கியிருக்கு, நல்லது" என்றார். சில கடுவன்களுக்கு ஒரு விரை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும். அப்படியிருந்தால் வயிற்றைத் திறந்து தேட வேண்டிவரும், ஆபரேஷன் பெரிதாகும். இதை முன்கூட்டியே பார்க்காத இடத்தில் கடைசி நிமிடத்தில் திகைப்புதான் மிச்சம்.

"ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்களே டாக்டர்?" என்று கேட்டேன். எத்தனை பேரிடம் இதே கேள்வியைக் கேட்டிருப்பாரோ, முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். அதனால் எந்த நன்மையும் இல்லை, விஷயமே தலைகீழ். பூனைக்கு மார்பில் வரும் கட்டிகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது புற்றுநோயாகத்தான் இருக்கும். 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 6 மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைகிறது, ஒரு வயதுக்குள் என்றால் 86 சதவீதம். அதற்கு மேல் தள்ளிப்போடப் போட அந்தப் பலன் கையை விட்டுப் போய்விடுகிறது. கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வேறு இருக்கிறது. வந்தால் அவசரமாக அறுத்தே ஆக வேண்டும், அதுவும் காய்ச்சலும் விஷமும் உடம்பெல்லாம் ஏறியிருக்கிற நேரத்தில். கர்ப்பப்பையே இல்லையென்றால் அந்தப் பயம் இல்லை.

மாத்திரை பற்றியும் கேட்டேன். தெரிந்தவர் ஒருவர் பூனை இணை தேடிக் கத்தாமல் இருக்க மாத்திரை கொடுத்து வந்தார். டாக்டர் தலையை ஆட்டினார். அந்த ஹார்மோன் மாத்திரைகளே மார்புக் கட்டிக்கும், கர்ப்பப்பைச் சீழுக்கும், சர்க்கரை நோய்க்கும் வழி திறந்துவிடக்கூடும் என்றார். கத்தலை நிறுத்தப் போய் எதை எதையோ வாங்கிக்கொள்கிற கதை. பெண் பூனைக்குக் கரு முட்டை வெளிப்படுவதே பெரும்பாலும் இணை சேர்ந்த பிறகுதான். அதனால் இணை கிடைக்காத பூனை பருவகாலம் முழுக்க இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஹீட்டுக்கு, அதாவது இணை தேடும் நிலைக்கு, வந்துகொண்டே இருக்கும். தரையில் புரள்வதும், வாலை ஒதுக்கிக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்குவதும், ராத்திரி முழுக்க அலறுவதும் அடம் இல்லை.

வாலு விஷயத்தில் எனக்குப் பிடித்தது டாக்டரின் நேர்மை. சுவரில் சிறுநீர் பீய்ச்சுவது, தெருவில் அலைவது, சண்டை போட்டுக் காது கிழிந்து வருவது எல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடும் என்றார். உடனே, "பத்துல ஒண்ணு ஆபரேஷனுக்கு அப்புறமும் பீய்ச்சும். உங்களுது அந்த ஒண்ணா இருக்காதுன்னு என்னால உத்தரவாதம் தர முடியாது" என்றும் சொன்னார். சண்டையைப் பற்றித்தான் அதிகம் பேசினார். எஃப்.ஐ.வி. என்ற வைரஸ் முக்கியமாகக் கடிபட்ட புண் வழியாகத்தான் பரவுகிறது. மனிதருக்கு ஒட்டாது, ஆனால் பூனையின் எதிர்ப்புச் சக்தியை மெல்லத் தின்றுவிடும். அது அதிகம் தொற்றுவது வெளியே சுற்றி அடித்துக்கொள்ளும், கருத்தடை செய்யாத கடுவன்களுக்குத்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் இவர்களுக்குத் தனியாக ஒரு சபாஷ். "முந்தின ராத்திரி எட்டு மணியிலிருந்து பட்டினி" என்று எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வைக்கும் இடங்கள் உண்டு. இங்கே எடையையும் வயதையும் வைத்துத் தனியாகச் சொன்னார்கள். குட்டிகளை நெடுநேரம் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால், விடியற்காலையில் கொஞ்சம் கொடுங்கள், பிறகு நிறுத்துங்கள், தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் கிளம்பும்வரை எடுக்காதீர்கள் என்றார்கள்.

கையெழுத்து வாங்கும் தாளில் "மயக்க மருந்தால் உயிருக்கு ஆபத்து நேரலாம்" என்ற வரியைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. டாக்டர் கணக்குச் சொன்னார். பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை 79,000-க்கும் மேற்பட்ட பூனைகளை வைத்து நடந்த ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த பூனைகளில் மயக்கம் தொடர்பான இறப்பு சுமார் 0.11 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. ஆபரேஷனுக்குப் பிந்தைய இறப்புகளில் பாதிக்கு மேல் முதல் 3 மணி நேரத்துக்குள் நடந்தவை. நீங்கள் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்துதான் வருகிறது: ஆபரேஷன் முடிந்த பிறகு பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

கேட்டேன். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். ஒரு உதவியாளர், அவருக்கு வேறு வேலை எதுவும் இல்லை. வேறு யாருடைய பூனையோ ஒன்று, சூடாக்கிய துண்டில் பக்கவாட்டில் படுத்திருந்தது. கண் அரைகுறையாகத் திறந்து, மேலே களிம்பு பூசிப் பளபளத்தது. மயக்கத்தில் பூனை இமையை மூடாது என்பதால், கண் காய்ந்துபோகாமல் இருக்க அந்தக் களிம்பாம். அவர் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை உதட்டைத் தூக்கி, ஈறில் விரலை அழுத்தி எடுப்பார். வெளுத்த இடம் மறுபடி இளஞ்சிவப்பாகிறதா என்று பார்ப்பார். நோட்டில் எழுதுவார். காதைத் தொட்டுச் சூடு பார்ப்பார். மறுபடி ஈறு. பெரிய இயந்திரங்களைவிட அந்த நோட்டுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

வாலுவுக்கு ஆபரேஷன் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. தையலே இல்லை, சின்னக் கீறல்கள் தானாக மூடிக்கொள்ளும். பொட்டுவுக்கு அடிவயிற்றில் மயிரை மழித்து, விரல் அகலத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக ஒரு வெட்டு. உள்ளேயே கரையும் தையல். வேலை சுத்தம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இனி குறைகள். பூனைக்கும் நாய்க்கும் ஒரே காத்திருப்பு அறை. கூடைக்குள் இருந்த பொட்டு, எதிரே நின்று குரைத்த நாயைப் பார்த்து உடம்பை ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டாள். கூடையின் மேல் துணி போடுங்கள் என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை.

அப்புறம் அந்தச் சீட்டு. "ஓய்வு தேவை. மருந்தைத் தவறாமல் கொடுக்கவும். தையலை நக்கவிட வேண்டாம்." இவ்வளவுதான். ஆபரேஷனுக்கு முன் அத்தனை பேசியவர்கள், பின்னால் இப்படிச் சுருக்கிவிட்டார்கள். அதில் இருந்திருக்க வேண்டியதை நான் எழுதுகிறேன். கடுவனின் காயம் திறந்தே இருப்பதால், மணல் ஒட்டாமல் இருக்கச் சில நாளைக்கு லிட்டர் தட்டில் (பூனை மலம் கழிக்கும் மணல் தட்டு) மணலுக்குப் பதில் கிழித்த காகிதம் போடணும். அவர்கள் கொடுத்த மருந்தைத் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. குறிப்பாகப் பாராசிட்டமால், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும். வீடு திரும்பியதும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சீறினால் பதறக் கூடாது. மேலே கிளினிக் வாசனை இருப்பதால் ஆள் தெரியாமல் குழம்புகின்றன, தனித்தனி அறையில் விட்டால் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் வாலு அன்று பொட்டுவைப் பார்த்துச் சீறிய சீறலுக்கு நான் போனைத் தேடி ஓடினேன். நல்லவேளை, அந்த நேரத்திலும் எடுத்துப் பொறுமையாகப் பேசினார்கள். ஆள் நல்ல ஆட்கள், தாள்தான் மோசம்.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்ட அவர்கள் கொடுத்த பிளாஸ்டிக் கூம்பும் அளவு சரியில்லை. அதை மாட்டியதும் பொட்டு, பேருந்தைப் பின்னால் எடுக்கும் ஓட்டுநர் மாதிரி வீடு முழுக்கப் பின்பக்கமாகவே நகர்ந்தாள். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு வாய் எட்டவில்லை. வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிச் சட்டைக்கு மாற்றிய பிறகுதான் சாப்பிட்டாள். முடிந்தால் கூம்பை அங்கேயே போட்டுப் பார்த்து, கிண்ணம் ஒன்றில் தண்ணீர் வைத்துக் குடிக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

காயத்தைப் பார்க்கத் திரும்பப் போனபோது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இனி உடம்புக்குத் தேவையான சாப்பாடு ஏறக்குறைய கால் பங்கு குறையும், பசியோ கூடும், எனவே அளந்து போடுங்கள். வாலுவின் வயிற்றைப் பார்த்தால் எங்கள் வீட்டில் யாரோ அளக்காமல் போடுகிறார்கள் என்று தெரிகிறது. விசாரணை நடக்கிறது. இன்னொன்று, பொட்டு எப்போதாவது மறுபடி ஹீட்டுக்கு வந்தது போலக் கத்தினால் அலட்சியம் செய்யாமல் கொண்டுவாருங்கள். அபூர்வமாகச் சினைப்பையின் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிடுவதுண்டு, அப்படியானால் அதை எடுக்க வேண்டியிருக்கும். இதுவரை பொட்டு கத்தவில்லை, வாலு சுவரைத் தொடவில்லை.

இதே கிளினிக்கை நண்பர்களுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நாயைக் கண்டு மிரளும் பூனை என்றால், காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். கேட்டால் தருகிறார்கள், அவர்களாகச் சொல்வதில்லை.