போட்டிக்கு அனுப்பும் வீடியோ: நேரடி எக்ஸ்போர்ட்டா, ஹேண்ட்பிரேக்கா, எஃப்எஃப்எம்பெக்கா?

பாட்டுக்கு ஏற்பப் படக் காட்சிகளை வெட்டி ஒட்டிச் செய்யும் ரசிகர் வீடியோவைப் போட்டிக்கு அனுப்ப இன்னும் அரை மணி நேரம்தான். எடிட் இப்போதுதான் முடிந்தது. எடிட்டிங் மென்பொருளிலேயே, வீடியோவைச் சுருக்கும் வழக்கமான முறையான எச்.264ஐத் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட்டை அழுத்திவிடுவோம். நானும் அப்படி நிறைய தடவை அனுப்பியிருக்கிறேன்.

நேரடி எக்ஸ்போர்ட்டில் கிடைப்பது வேகம் மட்டுமே. கிராபிக்ஸ் கார்டு கம்ப்ரஸ் செய்தால் இன்னும் வேகம். ஆனால் அதே பிட்ரேட்டில் (நொடிக்குச் செலவாகும் பிட்களில்), வீடியோ மாற்றும் மென்பொருள்களான ஹேண்ட்பிரேக்கும் எஃப்எஃப்எம்பெக்கும் எச்.264க்குப் பயன்படுத்தும் எக்ஸ்264 நிதானமாகச் செய்து தரும் தரம் பெரும்பாலும் அதில் வருவதில்லை. நம்முடைய ரசிகர் வீடியோக்களோ கம்ப்ரஷனுக்குப் பிறவி எதிரிகள். பீட்டுக்கு பீட் கட், வெள்ளை ஃபிளாஷ், போதாததற்கு மேலே புள்ளி புள்ளியாகத் தூவிய கிரெயின். முந்தைய ஃப்ரேமிலிருந்து கடன் வாங்க ஒன்றுமே இல்லை என்பதால் பிட்கள் அங்கேயே கரைந்துவிடும். அனிமேஷன் என்றால் இரவு வானம் பட்டை பட்டையாகப் பிரிவது தனிக் கொடுமை. அப்புறம், சைஸ் கூடிப்போனால் எஃபெக்ட் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ரெண்டர் செய்ய வேண்டும்.

அதனால் முதலில் யூட் வீடியோ போன்ற, தரம் இழக்காமல் சேமிக்கும் கோடெக்கில் (சுருக்கும் முறையில்) ஒரு மாஸ்டர், அதாவது மூல ஃபைல், எடுத்துவிடுங்கள். சில ஜிபி இடம் பிடிக்கும், பிடிக்கட்டும். மற்ற இரண்டும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஹேண்ட்பிரேக்கில் எல்லாம் பட்டன்கள். தரத்துக்கான சிஆர்எஃப் எண் குறையக் குறையப் படம் தெளியும். சுமார் 6 குறைத்தால் ஃபைல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். போட்டிக்கு 16 முதல் 18 வரை வைப்பது என் வழக்கம். ஆனால் இது கேட்காமலே உதவி செய்யும் ரகம். அழகுக்காக நான் மேலும் கீழும் வைத்த கறுப்புப் பட்டைகளை ஒருமுறை தானாகவே வெட்டி எறிந்துவிட்டது. 1080பி30 (நொடிக்கு 30 ஃப்ரேம்) என்ற பிரீசெட்டை, அதாவது தயார் அமைப்பை, எடுத்தால் 60 ஃப்ரேம் எடிட்டில் பாதி போய்விடும். தானாக கிராப் செய்வதை அணைத்துவிட்டு, ஃப்ரேம் ரேட்டை மூலத்தில் உள்ளபடியே, மாறாததாக வையுங்கள்.

எஃப்எஃப்எம்பெக் நேர்மாறு. கட்டளை வரியில் நீங்கள் சொல்லாத எதையும் அது ஊகித்துச் சரிசெய்யாது. மாஸ்டர் ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீலமாக நிறத்தை வைக்கும் முறையில்) இருக்கும்போது, நிற விவரத்தைக் குறைத்துச் சேமிக்கும் வழக்கமான 420 முறையைச் சொல்ல மறந்தால், நிறத்தை முழுதாக வைக்கும் 444 ஃபைல் வரும். பல பிளேயர்கள் அதைத் திறக்கவே திணறும். நிறத்துக்கு எச்டி வீடியோவின் கணக்கான பிடி.709 என்று சொல்லி மாற்றாவிட்டால், பழைய எஸ்டி வீடியோவின் 601 கணக்கில் மாற்றிவிடும், சிவப்பும் பச்சையும் லேசாக நகரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. சரி, ஒருமுறை கட்டளையை எழுதி வைத்துவிட்டால் அடுத்த பத்து வீடியோவுக்கும் அதுவே போதும்.

போட்டி விதியில் சைஸ் வரம்பு இருந்தால் சிஆர்எஃப் உதவாது, அது தரத்தைத்தான் பிடிக்கும், சைஸை அல்ல. இரண்டு பாஸ்தான், அதாவது வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பிட்களைப் பங்கிடுவது. இரண்டு மென்பொருளிலும் அது உண்டு. வரம்பு 200 எம்பி, பாடல் 4 நிமிடம் என்று வையுங்கள்: 200ஐ 8ஆல் பெருக்கி 240 விநாடியால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 6.66 மெகாபிட், அதாவது 6,660 கிலோபிட். ஒலிக்கு 320 போக 6,340 மிஞ்சும். நான் 6,200தான் கொடுப்பேன். வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்பது வயிற்றைக் கலக்கும்.

எச்.264க்கு அடுத்து வந்த எச்.265 இன்னும் சிறிதாக்கும்தான், ஆனால் விதியில் கேட்காதவரை வேண்டாம். திரையிடுபவரின் கணினியில் ஓடுமா என்பது நம் கையில் இல்லை.

பெரும்பாலோருக்கு என் ஓட்டு ஹேண்ட்பிரேக்குக்கே. ஒரே எடிட்டை மூன்று போட்டிக்கு மூன்று சைஸில் அனுப்புகிறவர் மட்டும் எஃப்எஃப்எம்பெக் பக்கம் வாருங்கள். எதில் செய்தாலும் அனுப்பும் முன் வேறொரு பிளேயரில் கடைசி விநாடி வரை ஓட்டிப் பாருங்கள். பாடலின் வால் அங்கேதான் அறுபடும்.