டயலைத் தொடாதீங்க பாய்: ஊரில் கைக்கடிகாரம் சர்வீஸ் செய்த அனுபவம்

டொராண்டோவில் ஒரு சாவி வாட்சைப் பிரித்துச் சுத்தம் பண்ணி எண்ணெய் போட்டுத் தர முந்நூறு டாலருக்குக் கீழே யாரும் வாய் திறப்பதில்லை. வாட்சின் விலையே அதில் கால்வாசிதான் என்றால் யாருக்கு மனசு வரும்? அதனால் இந்த முறை திருச்சிக்குப் போகும்போது சர்வீஸ் வேலைகளை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா, நான் தினமும் கட்டுகிற சீக்கோ எஸ்.கே.எக்ஸ் 007, கையில் கட்டியிருந்த சுவிஸ் ஆட்டோமேட்டிக் ஒன்று. வீட்டுக்குப் போனதும் மாமாவின் ராடோவும் மச்சானின் 'ரோலெக்ஸும்' வந்து சேர்ந்துகொண்டன. வாட்ச் பைத்தியம் பிடித்த நண்பர்கள் பலர் கேட்டதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் கஸ்டம்ஸ். கனடாவிலிருந்து விலையுயர்ந்த வாட்சோடு கிளம்புகிறவர்கள், புறப்படும் முன்பே எல்லைச் சேவை அலுவலகத்தில் பி.எஸ்.எஃப். 407 என்ற சின்ன அட்டையை வாங்கிவிடுங்கள். காசு கிடையாது. வாட்சின் பெயரையும் சீரியல் நம்பரையும் எழுதி முத்திரை குத்தித் தருவார்கள். திரும்பி வரும்போது "இதை அங்கே வாங்கினாயா?" என்று யாரும் கேட்க முடியாது. இந்தியாவில் இறங்கும்போது நாம் பயன்படுத்துகிற சொந்தப் பொருளுக்குச் சிக்கல் இல்லை. டப்பாவோடு, பில்லோடு, பிளாஸ்டிக் ஒட்டுக்கூடப் பிரிக்காமல் கொண்டுபோனால் அது சொந்தப் பொருள் கணக்கில் வராது. சொந்தக்காரருக்குப் புது வாட்ச் கொண்டுபோகிறவர்கள் வரியில்லா வரம்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

இனி பாய் கடை. திருச்சி பெரிய கடைவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற கடை. பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்துவிட்டது. பாய்க்கு எழுபது வயதுக்குக் குறையாது. அவர் மகன் எதிர்ப்பக்கம் செல் போடுவது, ஸ்ட்ராப் மாற்றுவது என்று வியாபாரம் பார்க்கிறார். சாவி வாட்ச் என்றால் மட்டும் அது பாயின் மேஜைக்குப் போகும்.

ஜனதாவைக் கையில் வாங்கி, காதோரம் வைத்துக் கேட்டார். பின்மூடியைத் திறந்து கண்ணில் லென்சை இடுக்கிக்கொண்டு பார்த்தவர், "கடைசியா எப்ப தம்பி தொறந்தது?" என்றார். எங்களுக்கே தெரியாது. முதலில் ஸ்பிரிங்கின் முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்கினார். அதைச் செய்யாமல் பிரித்தால் சக்கரப் பற்கள் போய்விடும். பிறகு முள், டயல், பேலன்ஸ் சக்கரம் என்று வரிசையாகக் கழற்றிக் கழற்றி ஒரு கண்ணாடி மூடிக்குள் அடுக்கினார். சக்கரங்களின் அச்சில் இருந்த பழைய எண்ணெய் கருப்பட்டிப் பாகு போல இறுகிப் போயிருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் பெட்ரோலில் முக்கி மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தார். பெட்ரோலா என்று முகம் சுளிக்க வேண்டாம். பாலட் என்கிற சின்ன நங்கூரத்தில் இருக்கும் சிவப்புக் கற்களை அரக்கு வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பெட்ரோலில் கரையாது. காரணம் கேட்டால், "வாப்பா அப்படித்தான் செஞ்சாங்க" என்பார். ஆனால் சரியானதைத்தான் செய்கிறார்.

எண்ணெய் வைக்கும்போதுதான் அவர் கையின் அருமை தெரிந்தது. ஊசி முனையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துளி. சக்கர அச்சைத் தாங்குகிற குட்டிக் கல்லின் நடுக்குழியில் அது வட்டமாக நிற்க வேண்டும். வழிந்து வெளியே பரவினால் அதைத் துடைத்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து. ஒரு கல்லுக்கு அப்படித் துடைத்து மறுபடி வைத்ததை நானே பார்த்தேன்.

எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கியது. மூடுவதென்று மத்திய அரசு முடிவெடுத்தது 2016இல். மூடின கம்பெனிக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று நினைப்போம். ஜனதா, பைலட், ஜவான் என்ற மாடல்களில் பெரும்பாலும் உள்ளே ஓடுவது 0231 என்ற ஒரே 17 கல் இயந்திரம். செத்த வாட்ச் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து பத்து வாட்சுக்கு உயிர் கொடுக்கலாம். பாயிடம் பழைய பிஸ்கட் டின் நிறைய அவை கிடக்கின்றன. எங்கள் ஜனதாவுக்கு மெயின் ஸ்பிரிங் மட்டும் தளர்ந்துபோயிருந்தது. டின்னுக்கு அடியிலிருந்து எண்ணெய்க் காகிதம் சுற்றிய புது ஸ்பிரிங் ஒன்றை எடுத்தார், எந்தக் காலத்தில் வாங்கி வைத்ததோ. மகனிடம் சீனாவில் செய்த டைமிங் மெஷின் ஒன்று இருக்கிறது. அதில் வைத்துப் பார்த்தபோது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு விநாடி ஃபாஸ்ட். கொண்டுபோனபோது நான்கு நிமிடம் ஸ்லோவாக ஓடிக்கொண்டிருந்த வாட்ச் இது.

சண்டை வந்தது டயலில்தான். அப்பாவின் ஜனதா டயல் வெள்ளையாக இருந்து தந்த நிறமாகிவிட்டது. ஆறு மணிப் பக்கம் பழுப்பாக ஒரு கறை.

"தம்பி, டயல் ஒண்ணு மாத்திட்டா புதுசு கணக்கா ஆயிடும். இருநூறு ரூவாதான்."

"வேணாம் பாய். டயலைத் தொடாதீங்க."

"அப்ப கேஸையாச்சும் பாலிஷ் போட்டுத் தாரேன். காசு வேணாம்."

"அதுவும் வேணாம் பாய்."

வெளிநாட்டுக்குப் போய் இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். டிராயரைத் திறந்து காட்டினார். ஆரஞ்சு, கிளிப்பச்சை, மயில் நீலம் என்று எச்.எம்.டி. டயல்கள். அந்தக் கம்பெனி கனவிலும் செய்யாத நிறங்கள். எல்லாம் மும்பையிலிருந்து வருகிற ரீடயல். பழைய டயலைச் சுரண்டி, மறுபடி பெயிண்ட் அடித்து, எழுத்தை அச்சடித்து அனுப்புகிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலி செய்வது இதைத்தான். பழைய சீக்கோ 5 வாட்சுகளும் இதே கதிக்கு ஆளாகியிருக்கின்றன.

ஊரில் பழைய வாட்ச் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் இதைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். லென்ஸ் வைத்து எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். ஒரிஜினலில் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இருக்கும், ரீடயலில் மை கசிந்து பிசிறடித்திருக்கும். நிமிடக் கோடுகள் ஒரே நீளத்தில் இருக்காது. தேதி ஜன்னலின் விளிம்பில் பெயிண்ட் தடித்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாவி கொடுக்கிற கிரவுன் தேய்ந்து, பின்மூடி துருப்பிடித்து, டயல் மட்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி பளபளவென்று இருந்தால் அது நாற்பது வயது டயல் இல்லை. எச்.எம்.டி. பைலட்டின் கறுப்பு டயலுக்குத்தான் கிராக்கி அதிகம், ரீடயலும் அதில்தான் அதிகம்.

பாய் பக்கத்து நியாயமும் புரிகிறது. அவரிடம் வருகிறவர் வாட்சை நாளைக்கே கட்டிக்கொண்டு விசேஷத்துக்குப் போகிறவர். சர்வீஸுக்குக் கொடுத்தால் புதுசாகத் திரும்பி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். பழுப்புக் கறைக்காகக் கூடுதல் விலை கொடுக்கிற கூட்டம் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே நாம்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, கடைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்: பாலிஷ் வேண்டாம், டயல் வேண்டாம், முள் மாற்ற வேண்டாம், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும். அவசரம் என்றால் வேலை பையன் கைக்குப் போய்விடும், அவன் கை நேராகப் பாலிஷ் சக்கரத்துக்குத்தான் போகும். வேறொரு கடையில் என் நண்பர் ஒருவரின் ஃபாவ்ர் லூபா வாட்சுக்கு இதுதான் நடந்தது. கேஸின் விளிம்பெல்லாம் மழுங்கிச் சோப்புக்கட்டி ஆகிவிட்டது.

சீக்கோவின் கதை சின்னது. ஊருக்குப் போனதிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று நிமிடம் ஃபாஸ்டாக ஓடியது. பிரிக்கவே இல்லை. மகன் ஒரு நீலப் பெட்டியின் மேல் வைத்துப் பொத்தானை அமுக்கி மெல்லத் தூக்கினார், சரியாகிவிட்டது. டேப்லெட் உறையில் இருக்கிற காந்தம், ஹேர் ஸ்பிரிங் என்கிற மெல்லிய சுருளின் வளையங்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருக்கிறது. காசு வாங்கவில்லை. ஆனால் 200 மீட்டர் வரை தண்ணீர் தாங்குகிற அந்த வாட்சுக்குப் புது கேஸ்கெட் போட முடியுமா என்று கேட்டபோது கையை விரித்துவிட்டார்கள். அளவான ரப்பர் இல்லை, போட்டாலும் பிரஷர் டெஸ்ட் பண்ண மெஷின் இல்லை. "தொறந்தா அப்புறம் குளிக்கக் கட்டாதீங்க" என்று நேர்மையாகச் சொன்னார். டைவர் வாட்சைக் கடைவீதியில் திறக்க விடாதீர்கள் என்பதுதான் என் கருத்தும்.

சுவிஸ் வாட்சைச் சென்னையில் ஒரு மாலில் இருக்கிற அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். ஏசி, காபி, 'சார்' எல்லாம் உண்டு. வாட்ச் மும்பைக்குப் போகும், அங்கே திறந்து பார்த்த பிறகுதான் எஸ்டிமேட் வரும், நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகு வரிசையில் நிற்கும், மொத்தம் ஒன்றரை மாதம் என்றார்கள். லீவில் வருகிறவனுக்கு இது ஆகாது. யாராவது ஊரில் வாங்கி வைத்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும் கொடுங்கள். அம்மாவின் டைட்டனுக்குச் செல் மாற்றியது மட்டும் காத்திருந்த நேரத்திலேயே, ரசீதோடு முடிந்தது. ஓசூரில் செய்கிற வாட்சுக்கு ஊரெல்லாம் சென்டர் இருக்கிற சௌகரியம் அது.

மாமாவின் ராடோவைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். சவுதியிலிருந்து எண்பதுகளில் வாங்கி வந்தது. அந்தக் காலத்தில் வளைகுடா போய் வந்தவர் என்பதற்கு மணிக்கட்டில் ராடோ, கையில் டேப் ரெக்கார்டர், இரண்டும்தான் அத்தாட்சி. அதனால் போலியும் அப்போதிருந்தே ஏராளம். பாய் டயலின் மேலே இருக்கிற குட்டி நங்கூரத்தைத்தான் முதலில் பார்த்தார். வாட்சைச் சாய்த்தால் அது ஊசலாட வேண்டும், போலிகள் பலவற்றில் வெறும் ஒட்டுத்தான். மாமாவின் நங்கூரம் ஆடியது, கொஞ்சம் சோம்பலாக. "ஒரிஜினல்தான், எண்ணெய் காஞ்சிருச்சு" என்றார். மாமாவுடையது டயாஸ்டார், 1962இல் வந்த ராடோ மாடல். கேஸ் டங்ஸ்டன் கார்பைடு. அத்தனை வருடம் வயலுக்கும் கட்டிக்கொண்டு போயும் ஒரு கீறல் இல்லை. மாமா தெருவில் எல்லாரிடமும் "வெளிநாட்டுப் பையன் கண்ணு முன்னாடியே ஒரிஜினல்னு சொல்லிட்டாரு" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மச்சானின் 'ரோலெக்ஸ்' சப்மரைனர் வேறு ரகம். 'ஃபர்ஸ்ட் காப்பி, செவன் ஏ குவாலிட்டி' என்று சொல்லி 3,500 ரூபாய்க்கு வாங்கியது. தூரத்தில் பார்த்தால் அசல்தான். பக்கத்தில் போனால் தேதிக்கு மேல் இருக்கிற பூதக்கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். அசலில் அது தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கும், இதில் ஒன்றரைகூட இல்லை. பின்மூடி கண்ணாடி. அசல் சப்மரைனருக்கு மூடி வெறும் ஸ்டீல்தான். உள்ளே ஓடுவது விநாடிக்கு ஆறு துடிப்பு துடிக்கிற மலிவான சீன இயந்திரம், அசலில் எட்டு.

இதைக் கட்டலாமா கூடாதா என்பதில் நான் நீதிபதி இல்லை. கல்யாண வீட்டில் மச்சானின் வாட்சை இழுத்துப் பார்த்து விலை கேட்டவர்கள் எத்தனை பேர், என் கையில் இருந்த சுவிஸை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் விற்கிறவருக்கு இது விளையாட்டில்லை. 1999ஆம் ஆண்டு வணிகக் குறியீட்டுச் சட்டப்படி போலிப் பெயர் போட்டு விற்றால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை. வாங்குகிறவருக்கு உண்மையான தொல்லை சர்வீஸில் வருகிறது. மச்சானின் வாட்சில் கிரவுன் திருகு மரை போய்விட்டது. எந்த அளவிலும் அடங்காத மரை. பாய் தன் டின்னில் இருந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்பேர்னு ஒண்ணு பொறக்கவே இல்ல மாப்ள" என்றார். முழு இயந்திரத்தை மாற்றலாம், 900 ரூபாய். மரை அப்படியேதான் இருக்கும், மழை பட்டால் தண்ணீர் போகும். மச்சான் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தக் காசை இதில் போடுவதற்கு, மேலே போட்டு இன்னொன்றே வாங்கிவிடலாமே என்றான். கணக்கு என்னவோ சரிதான். போலியை யாரும் ரிப்பேர் பண்ணுவதில்லை, தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை வாங்குகிறார்கள். பாயின் மகனுக்கு அதில் வியாபாரம், பாய்க்கு ஒன்றும் இல்லை.

ஜனதாவுக்குப் பாய் வாங்கியது ஸ்பிரிங்கோடு சேர்த்து 650 ரூபாய், ராடோவுக்கு 1,200. கொடுத்த தேதியில் முடியாது, இரண்டு தடவை நடக்க வேண்டும். ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். திரும்பி வாங்கினதும் சில நாள் கட்டிப் பார்த்து, ஓட்டத்தில் குறை இருந்தால் மறுபடி கொண்டுபோங்கள், அதற்குக் காசு கேட்க மாட்டார்.

அடுத்த தடவை வரும்போது வாங்கி வரச் சொல்லிப் பாய் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். மோபியஸ் 9010 எண்ணெய் ஒரு பாட்டில், பாலட் கல்லுக்கு 9415, என் சீக்கோவுக்கு வேண்டிய கேஸ்கெட் செட் இரண்டு. ஒன்று எனக்கு, இன்னொன்று டின்னுக்கு.