டி800-ஆ, டி800இ-யா? ஒரு 300 டாலர் கண்ணாடியின் கதை

2012-இல் நிக்கான் ஒரே கேமராவை இரண்டு பெயரில் விற்றது. டி800, டி800இ இரண்டிலும் அதே 36 மெகாபிக்சல் சென்சார், அதே உடம்பு. அமெரிக்காவில் முதலாவது சுமார் 3,000 டாலர், அடுத்தது 3,300. சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி அடுக்கில்தான் வித்தியாசம்.

இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். எதிலும் இல்லாத அலைகள் தெரியும். சென்சாரும் ஒரு வலைதான். நுண்ணிய நெசவுள்ள துணியின் பிம்பம் அதன்மேல் விழுந்தால் இதே அலை, வானவில் நிறத்தோடு வரும். அதுதான் மொய்ரே. அதைத் தடுக்க டி800-இல் லோ பாஸ் ஃபில்டர், அதாவது ஆன்டி-அலியாசிங் ஃபில்டர், ஒரு புள்ளியை நான்காகப் பிரித்து லேசாக மங்கலாக்குகிறது. டி800இ-யில் (இனி சுருக்கமாக இ) ஃபில்டரே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது, முதல் அடுக்கு பிரித்ததை அடுத்த அடுக்கு மறுபடி சேர்த்துவிடுகிறது. நிஜமாகவே எடுத்தெறிந்தது 2014-இல் வந்த டி810-இல்.

இ-யின் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த மூலத் தரவை, 100 சதவீதத்தில் திறந்தால் இலை நரம்பும் தலைமுடியும் கூராக நிற்கும். ஆனால் அதற்கு நல்ல லென்ஸ், டிரைபாட், எஃப்/5.6 அளவில் லென்ஸ் துவாரம் வேண்டும். துவாரத்தைச் சுருக்கி எஃப்/16-க்குப் போனால் ஒளியின் விளிம்பு விளைவே (டிஃப்ராக்‌ஷன்) ஒரு புள்ளியை நான்கு பிக்சல் அகலத்துக்கு விரித்துவிடும். கையில் பிடித்து எடுப்பவருக்கோ அந்தக் கூர்மை கை நடுக்கத்திலேயே போய்விடும்.

இரண்டுக்கும் ஒரே அளவு ஷார்ப்பனிங், அதாவது மென்பொருளில் கூர்மை ஏற்றுவது, கொடுத்து ஒப்பிடுவதுதான் வழக்கமான தப்பு. ஃபில்டர் நுண்விவரத்தின் கான்ட்ராஸ்ட்டைக் குறைக்கிறதே தவிர, பெரும்பாலும் அழித்துவிடுவதில்லை. டி800 ஃபைலுக்கு ரேடியஸை (விளிம்பைச் சுற்றி எவ்வளவு அகலத்துக்கு என்பதை) 0.6, 0.7 அளவில் சின்னதாக வைத்து அமவுண்ட்டை (எவ்வளவு வலுவாக என்பதை) கொஞ்சம் ஏற்றினால், பிரிண்ட்டில் எது எதுவென்று சொல்வது கஷ்டம். ரேடியஸைப் பெரிதாக்கினால் கூரை விளிம்பில் வெள்ளைக் கோடு வந்து அசிங்கமாகும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100-இல் இந்த ஷார்ப்பனிங் கிட்டத்தட்ட இலவசம். 3200-இல் நாய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல்) சேர்ந்து எழும்பும். அங்கே இ-க்கு உண்மையான லாபம் உண்டு.

இ-யில் விழும் மொய்ரேவைச் சரிசெய்ய இப்படி ஒரு சலுகை கிடையாது. ஒரு ரிசப்ஷனில் இ-யில் எடுத்தபோது மாப்பிள்ளையின் சாம்பல் கோட்டில் பச்சையும் ஊதாவுமாகப் பட்டை விழுந்தது. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் 4-இல் வந்த மொய்ரே பிரஷ்ஷைத் தேய்த்தேன். நிறம் போனது, வெளிச்சமும் இருட்டுமான அலை அப்படியே நின்றது. கேமரா அதையும் துணியின் விவரமாகவே பதிந்து வைத்திருக்கிறது, மென்பொருளுக்கு அதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஷார்ப்பனிங் கொடுத்தால் அந்தப் பொய்யும் சேர்ந்து கூராகும். அன்றைக்கு அந்தக் கோட்டுப் படங்களைக் கருப்பு வெள்ளையாக்கியும் தப்பிக்க முடியவில்லை.

அதனால் இன்று செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் கல்யாணம், துணி, ஜன்னல் கிரில் உள்ள கட்டடம் எடுப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டி800 என்பேன். மலை, பாறை, மரம் என்றால் இ. இயற்கையில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் கோடு குறைவு. பறவைக்காரர்கள் மட்டும் யோசிக்கட்டும். இறகும் ஒரு நெசவுதான்.

ஏற்கெனவே இ வைத்திருந்தால் விற்க வேண்டாம். துணியில் பட்டை தெரிந்தால் இரண்டடி முன்னே பின்னே நகருங்கள், அல்லது எஃப்/16-க்கு மூடுங்கள்.